வீட்டிலேயே ரைபிள் கட்டலாமா? தென்னாப்பிரிக்காவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டர்பன் பக்கம் துப்பாக்கி சுடும் கிளப்புகளில் புதிதாகச் சேரும் நம் பிள்ளைகள் பாதிப் பேர் யூடியூப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அமெரிக்காவில் ஒருவர் சமையலறை மேசையில் பாகங்களைப் பரப்பிவைத்து ஒரு மணி நேரத்தில் ரைபிளை முடித்துவிடுகிறார். அதை இங்கே செய்தால் என்ன என்பதுதான் முதல் கேள்வி. அதில் தொடங்கி, தாத்தா விட்டுப்போன பழைய துப்பாக்கி வரை மறுபடி மறுபடி கேட்கப்படுபவற்றுக்கான பதில்கள் கீழே. எல்லாவற்றுக்கும் அடிப்படை 2000ஆம் ஆண்டின் 60ஆம் எண் சட்டமான துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். 2004 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி வீட்டிலேயே செமி-ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு சூட்டுக்கும் பின் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும்) ரைபிள் சேர்க்கலாமா?

கூடாது. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான். அங்கே கூட்டாட்சிச் சட்டப்படி ஏஆர்-15 வகை ரைபிளில் ‘லோயர் ரிசீவர்’ என்ற, விசைப் பாகங்களைத் தாங்கும் ஒரே பாகம்தான் துப்பாக்கி. மற்றதெல்லாம் உதிரிப் பொருள். தபாலில் வீட்டுக்கே வரும். இங்கே சட்டம் வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது. குழல், பிரேம், ரிசீவர் மூன்றுமே தனித்தனியாக ‘துப்பாக்கி’ என்ற வரையறைக்குள் வந்துவிடுகின்றன. வெறும் குழலைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருந்தாலும், லைசென்ஸ் இல்லையென்றால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியை வைத்திருந்த குற்றம். அதற்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு.

அது பாகத்தை வைத்திருப்பது பற்றி. செய்வது இன்னொரு விஷயம். உற்பத்தியாளர் லைசென்ஸ் இல்லாமல் யாரும் துப்பாக்கி தயாரிக்கக் கூடாது என்று சட்டத்தின் 45ஆம் பிரிவு சொல்கிறது. ‘என் சொந்த உபயோகத்துக்குத்தானே, விற்கவா போகிறேன்?’ என்று கேட்பவர்கள் உண்டு. சொந்த உபயோகத்துக்கு என்று தனிச் சலுகை எதுவும் அந்தப் பிரிவில் கிடையாது.

பாதி முடித்த ரிசீவர், முப்பரிமாண அச்சில் எடுத்த ரிசீவர்?

அதே பதில்தான். பிளாஸ்டிக்கா அலுமினியமா என்று சட்டம் பார்ப்பதில்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று கிளப்பில் யாரிடமும் விசாரிக்காதீர்கள். பதில் சொல்ல மாட்டார்கள், அடுத்த முறை உங்களைச் சேர்த்துக்கொள்ளவும் யோசிப்பார்கள்.

அப்படியென்றால் என் கையால் எதைத்தான் மாற்றலாம்?

நிறைய இருக்கிறது. பின்கட்டை, கைப்பிடி, வார், பைபாட் (முன்பக்க இருகால் தாங்கி), ஸ்கோப், அதைப் பிடிக்கும் வளையங்கள், கன்னத்தை வைக்கும் மெத்தை எல்லாம் கடையில் சாதாரணப் பொருள்கள். இவற்றை உங்கள் உடம்புக்கும் கண்ணுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்வதில்தான் ஒரு ரைபிள் ‘உங்களுடையது’ ஆகிறது. சைலன்சருக்கும் இந்த நாட்டில் தனி லைசென்ஸ் தேவையில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டால் நம்புவதே இல்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் காதைக் காப்பாற்றிக்கொள்ள அதைச் சர்வ சாதாரணமாக மாட்டியிருப்பார்கள். ஆனால் குழல் முனையில் அதற்கு மரை வெட்டுவது துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்தின் வேலை.

தொடவே கூடாதவை நான்கு. ஒரே விசை அழுத்தலில் ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டா வெடிக்கும்படி இயக்கத்தை மாற்றுவது; துப்பாக்கிப் பதிவாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் காலிபரை (குழலின் உள்விட்டத்தை) மாற்றுவது; அப்படியே குழல் நீளத்தை மாற்றுவது; வரிசை எண்ணை மாற்றுவது அல்லது அழிப்பது. இவற்றில் எதைச் செய்தாலும் 4ஆம் பிரிவின்படி அது தடைசெய்யப்பட்ட துப்பாக்கி ஆகிவிடும். அதுவரை கையில் இருந்த நல்ல லைசென்ஸ் அப்புறம் உங்களைக் காப்பாற்றாது.

செமி-ஆட்டோ ரைபிளுக்கு எனக்கு லைசென்ஸ் கிடைக்குமா?

கிடைக்க வழி உண்டு, ஆனால் எந்தப் பிரிவில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்து மறுப்புக் கடிதம் வாங்குபவர்கள்தான் அதிகம்.

13ஆம் பிரிவு தற்காப்புக்கு. கைத்துப்பாக்கியோ, செமி-ஆட்டோ அல்லாத ஷாட்கன்னோ ஒன்றே ஒன்று. ரைபிளுக்கு அதில் இடமில்லை. 14ஆம் பிரிவும் தற்காப்புக்குத்தான். செமி-ஆட்டோ ரைபிள், ஷாட்கன் இதில் வரும். ஆனால் சாதாரணத் துப்பாக்கி எனக்குப் போதாது என்று பதிவாளரை நம்பவைக்க வேண்டும், கிடைத்தாலும் இரண்டு ஆண்டுக்குத்தான். 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு டர்பனின் பீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் பலர் இந்தப் பிரிவைப் பற்றி விசாரித்தார்கள். பயம் நியாயம்தான். அந்த ஜூலையில் பீனிக்ஸில் தெருக்காவல் மோதல்களில் பலர் கொல்லப்பட்டதைத் தெரிந்தவர்கள், தெருமுனையில் ரைபிளோடு நிற்பதால் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைத்தது என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம். என் கருத்து அவ்வளவுதான்.

15ஆம் பிரிவு எப்போதாவது வேட்டைக்கும் விளையாட்டுக்கும் போகிறவருக்கு. இதில் செமி-ஆட்டோ ரைபிள் கிடையாது. போல்ட் இழுத்துச் சுடுவது போன்ற, கையால் இயக்கும் ரைபிள்கள்தான். பத்து ஆண்டுக்கான லைசென்ஸ். உண்மையைச் சொன்னால் புதிதாக வருபவருக்கு இதுதான் பொருத்தம்.

16ஆம் பிரிவில் முழுநேர ஈடுபாடுள்ள விளையாட்டு வீரருக்கும் வேட்டைக்காரருக்கும் செமி-ஆட்டோ ரைபிள் வழங்க முடியும். விளையாட்டுக்காக வாங்குபவர்கள் எல்லோரும் வருவது இந்த வாசல் வழியாகத்தான்.

அந்த ‘முழுநேர ஈடுபாடு’ என்பதை யார் முடிவு செய்வது?

போலீஸ் அங்கீகாரம் பெற்ற சங்கம். தென்னாப்பிரிக்க நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் சங்கம், நாட்ஷூட் போன்றவை அப்படிப்பட்டவை. நீங்கள் உறுப்பினராகி, அவர்களுடைய தேர்வை எழுதி, போட்டிகளில் கலந்துகொண்டால் சான்றிதழ் தருவார்கள். பெற்ற பிறகும் ஆண்டுதோறும் ஈடுபாட்டைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சந்தா கட்டிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டால் சங்கம் பதிவாளருக்குத் தெரிவிக்கும்.

சான்றிதழ் இருப்பதால் மட்டும் ரைபிள் வந்துவிடாது. எந்தப் போட்டியில், எந்தப் பிரிவில், ஏன் இந்த ரைபிள்தான் வேண்டும் என்று விளக்கம் எழுத வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் விளக்கத்தைப் பெயர் மாற்றி அனுப்பும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. படிப்பவருக்கு இரண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும்.

விண்ணப்பிக்க என்ன வரிசை?

முதலில் பயிற்சி. சட்ட அறிவுக்கு ஒரு தேர்வு, அதன்பின் துப்பாக்கி வகைக்கு ஒன்று. கைத்துப்பாக்கி, ஷாட்கன், கையால் இயக்கும் ரைபிள், தானாகத் தோட்டா ஏற்றும் ரைபிள் என்று நான்கும் தனித்தனி. செமி-ஆட்டோ ஆசை இருப்பவர் கையால் இயக்கும் ரைபிளுக்கு மட்டும் பயிற்சி எடுத்தால் பிறகு மறுபடி போய் நிற்க வேண்டும். அடுத்தது தகுதிச் சான்றிதழ்: உங்கள் காவல் நிலையத்தில் துப்பாக்கிகளுக்கென்று நியமிக்கப்பட்ட அதிகாரியிடம் எஸ்.ஏ.பி.எஸ். (தென்னாப்பிரிக்கப் போலீஸ்) 517 படிவம், கைரேகை, உங்களைத் தெரிந்தவர்களிடம் விசாரணை. வீட்டில் சண்டை சச்சரவு, குடி, வன்முறை வழக்கு எல்லாம் இங்கே கேட்கப்படும், மனைவியிடமும் கேட்பார்கள். அது கைக்கு வந்தபின் குறிப்பிட்ட துப்பாக்கிக்கு எஸ்.ஏ.பி.எஸ். 271. பணம் கட்டி வாங்கிய ரைபிள் அதுவரை கடைக்காரரின் பெட்டகத்திலேயே இருக்கும். பொறுமை இல்லாதவருக்கு இந்த விளையாட்டு ஒத்துவராது.

நான் சென்னையிலிருந்து வேலை விசாவில் ஜோகன்னஸ்பர்க் வந்திருக்கிறேன். எனக்கு?

குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ வேண்டும், வயது 21 ஆகியிருக்க வேண்டும். அதுவரை கிளப்பில், லைசென்ஸ் வைத்திருப்பவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்ய, அவருடைய துப்பாக்கியைச் சுடலாம். சட்டம் இதை அனுமதிக்கிறது. நன்றாகச் சுடப் பழகுவதற்கு சொந்தத் துப்பாக்கி வேண்டியதில்லை.

தாத்தா இறந்துவிட்டார். அவருடைய பழைய 303 ரைபிள் அறையில் இருக்கிறது. என்ன செய்வது?

டோங்காட், வெருலம் பக்கம் கரும்புத் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்த குடும்பங்களில் இந்தக் கேள்வி நிறைய வருகிறது. அநேகமாக அது லீ-என்ஃபீல்டாக இருக்கும்: பத்துத் தோட்டா மேகசின், முனை வரை மரக்கட்டை, போல்ட் கைப்பிடிக்குப் பக்கத்தில் உள்ள வளையத்தில் மங்கிய முத்திரைகள். அவருடைய லைசென்ஸ் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வாங்கிய பச்சை நிறத் தாளாகவோ அடையாளப் புத்தகத்தில் ஒட்டியதாகவோ இருக்கலாம். அது அவருக்குத்தான். அவர் போனதும் உங்களுக்கு வந்துவிடாது.

சொத்தை நிர்வகிக்க நியமிக்கப்பட்டவர்தான் துப்பாக்கிக்குப் பொறுப்பு. அவர் அதைப் பாதுகாப்பாக வைத்து, காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் பலரும் செய்வது, லைசென்ஸ் உள்ள கடைக்காரரிடம் பாதுகாப்புக்கு ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்வது. அதன்பின் அவசரமில்லாமல் முடிவெடுக்கலாம். வாரிசில் ஒருவர் தன் பெயரில் தகுதிச் சான்றிதழும் லைசென்ஸும் வாங்கலாம், விற்றுவிடலாம், கன்ஸ்மித்திடம் கொடுத்து நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து சான்றிதழோடு சுவரில் மாட்டலாம், அல்லது போலீசிடம் கொடுத்துவிடலாம்.

‘நூறு வருடப் பழசு, இது பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம்’ என்று சொல்லும் மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். சட்டம் பழம்பொருள் என்று சொல்வது 1900 ஜனவரி 1க்கு முன் செய்த, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை. 303 எவ்வளவு பழசானாலும் அதில் சேராது. கணக்கில் வராத துப்பாக்கியை ஒப்படைக்க 2019 டிசம்பரிலிருந்து 2020 மே வரையும், 2020 ஆகஸ்டிலிருந்து 2021 ஜனவரி வரையும் இரண்டு பொது மன்னிப்புக் காலங்கள் கொடுத்தார்கள். அந்த வாய்ப்பைத் தவறவிட்டவர்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகாமல், முதலில் ஒரு வக்கீலைப் பார்ப்பது நல்லது.

லைசென்ஸ் வாங்கி அதைச் சுடப்போகிறீர்கள் என்றால், முதல் தோட்டாவுக்கு முன் கன்ஸ்மித்திடம் கொடுத்து அறையளவை (தோட்டா உட்காரும் இடத்தில் போல்ட் சரியாகப் பொருந்துகிறதா என்பதை) சோதிக்கச் சொல்லுங்கள். போல்ட் மாறியிருக்கலாம், தேய்ந்திருக்கலாம். கூடவே பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி ஏதாவது கிடைத்தால் கவனம். அந்தக் காலத்துப் பற்றுமருந்து (தோட்டாவைப் பற்றவைக்கும் பிரைமர்) வெடித்தபின் குழலுக்குள் உப்பை விட்டுப்போகும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உலரவைத்து, பிறகு எண்ணெய் பூச வேண்டும். டர்பன் காற்றில் அதை ஒரு ராத்திரி விட்டால் போதும், காலையில் குழலுக்குள் செந்நிறம் தெரியும்.

மனைவியும் அதே ரைபிளைப் பயன்படுத்தலாமா?

ஒரே வீட்டில் வசிப்பவர் அதே துப்பாக்கிக்குக் கூடுதல் லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. அவருக்கும் தனித் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அந்த லைசென்ஸ் இல்லாவிட்டால் பெட்டகச் சாவி இருக்குமிடம்கூட அவருக்குத் தெரியக் கூடாது.

பெட்டகம் எப்படி இருக்க வேண்டும்? ஆயுத பூஜைக்கு வெளியே எடுக்கலாமா?

எஸ்.ஏ.பி.எஸ். ஏற்கும் தரம் சான்ஸ் 953. அந்த முத்திரை உள்ள இரும்புப் பெட்டகம், சுவரிலோ தரையிலோ போல்ட் போட்டு இறுக்கியது. அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார், ஆட்டியும் பார்ப்பார். படுக்கையறை அலமாரியின் பின்சுவர் செங்கல்லா வெறும் அட்டைப் பலகையா என்று முதலில் தட்டிப் பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்க ஆசைப்படுவது இயல்புதான். தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்து, போல்ட்டைத் திறந்து, நீங்கள் பக்கத்திலேயே இருக்கும் நேரத்தில் வைத்துக் கும்பிட்டுவிட்டு உடனே உள்ளே வையுங்கள். ராத்திரி முழுக்கப் பூஜையறையில் விட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. குங்குமத்தைக் கட்டையில் வைத்தால் போதும். ஈரக் குங்குமம் இரும்பில் பட்டால் கறை விழும்.

கிளப்புக்கு எப்படி எடுத்துப்போவது?

ரைபிள் முழுவதுமாக மூடிய உறைக்குள், தோட்டா இல்லாமல், உங்கள் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வழியில் கடைக்குள் போக காரை நிறுத்திவிட்டு ரைபிளை டிக்கியில் விடுவது, துப்பாக்கி தொலையும் வழிகளில் மிகச் சுலபமானது. தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். அலட்சியம் என்று முடிவானால் இனி எந்தத் துப்பாக்கியும் வைத்திருக்கத் தகுதியில்லை என்றும் ஆகலாம்.

சரி, லைசென்ஸ் ரைபிள் வந்துவிட்டது. ஆனால் குண்டுகள் பரவி விழுகின்றன. எங்கிருந்து சரிசெய்வது?

எல்லோரும் உடனே குழலைக் குறை சொல்வார்கள், அல்லது ட்ரிகரை. பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது. செலவில்லாததிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் திருகுகள். ஸ்கோப் வளையம், அதன் அடித்தளம், கட்டையையும் ரிசீவரையும் சேர்க்கும் திருகுகள் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, அளவு காட்டும் ஸ்பானரால் இறுக்குங்கள். ‘கைக்கு இறுக்கமாக’ என்பது அளவாகாது. வளையத்தை அதிகம் இறுக்கினால் ஸ்கோப்பின் குழாயே நசுங்கும். அடித்தளத்தின் ஒரு திருகு தளர்ந்திருந்தாலே போதும், ஐந்து குண்டும் ஐந்து பக்கம் போகும்.

அடுத்து, குழல் கட்டையில் எங்காவது உரசுகிறதா என்று பாருங்கள். சுதந்திரமாக நிற்கும் குழல் என்றால், ஒரு தாளை மடித்துக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் நுழைத்து ரிசீவர் பக்கமாக இழுத்தால் தடையில்லாமல் வர வேண்டும். மரக்கட்டை டர்பன் ஈரத்தில் உப்பி, மழைக்காலத்தில் உரசவும் வறண்ட குளிர்காலத்தில் விலகவும் செய்யும். போன ஜூலையில் நன்றாகச் சுட்ட ரைபிள் ஜனவரியில் முரண்டுபிடிப்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

மூன்றாவது தோட்டா. அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ரைபிள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடாது. உள்ளூர்த் தயாரிப்பான பி.எம்.பி. தோட்டா ஒரு பெட்டி, வேறு எடையில் இரண்டு பெட்டி என்று வாங்கி, ஒரே நாளில், ஒரே ஆள், ஒரே மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டுப் பாருங்கள். நடுவில் குழலை ஆறவிடுங்கள். மூன்று குண்டு போட்டுவிட்டு ‘பார்த்தீர்களா, ஒரே துளை!’ என்று தாளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். மூன்று குண்டில் அதிர்ஷ்டம் நிறைய விளையாடும். பத்து குண்டு சுட்டால்தான் ரைபிளின் உண்மை முகம் தெரியும், உங்களுடையதும்.

ஆம், கடைசி ஐட்டம் நீங்கள்தான். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படுகிறதா? படுத்துச் சுடும்போது தலையைக் கொஞ்சம் அசைத்தால் ஸ்கோப்பின் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்கிறதா? நகர்ந்தால் பாரலாக்ஸ் சக்கரத்தைச் சரிசெய்யவில்லை என்று அர்த்தம். விசையை இழுக்கிறீர்களா, தட்டுகிறீர்களா? வீட்டில் காலியான ரைபிளில் நாலு சுவருக்குள் பயிற்சி செய்தாலே பாதி சரியாகும். தோட்டாக்களை வேறு அறையில் பூட்டிவிட்டுச் செய்யுங்கள்.

ஸ்கோப்பில் எம்.ஓ.ஏ., மில் என்று இரண்டு வகை இருக்கிறதே? எதை வாங்க?

இரண்டும் ஸ்கோப்பின் குறியை நகர்த்தும் கோண அளவுகள். நாம் மீட்டரில் நினைப்பவர்கள். மில் எளிது: ஸ்கோப் சக்கரத்தில் 0.1 மில் ஒரு கிளிக் என்றால் 100 மீட்டரில் 1 செ.மீ. ஒரு எம்.ஓ.ஏ. 100 மீட்டரில் சுமார் 29 மி.மீ.; கால் எம்.ஓ.ஏ. கிளிக் சுமார் 7 மி.மீ.

சீரோ செய்வது, அதாவது குறிபார்த்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைப்பது, இப்படி. 25 மீட்டரில் தொடங்கி தாளில் விழவைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் 100 மீட்டருக்குப் போங்கள். ஐந்து குண்டு சுடுங்கள். ஒற்றைக் குண்டைத் துரத்தாதீர்கள். ஐந்தின் நடுப்புள்ளியை எடுங்கள். அது இலக்குக்கு 6 செ.மீ. கீழே, 3 செ.மீ. வலப்புறம் என்றால், மில் ஸ்கோப்பில் மேலே 6 கிளிக், இடப்பக்கம் 3 கிளிக். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் மேலே 8, இடப்பக்கம் 4. மறுபடி ஐந்து சுட்டு உறுதிசெய்யுங்கள்.

குழலில் ‘1:9’ என்று பொறித்திருக்கிறது. அது என்ன?

குழலுக்குள் வெட்டிய சுருள் வரி 9 அங்குலத்தில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்று பொருள். நீளமான குண்டை நிலைநிறுத்த வேகமான சுற்று வேண்டும். 223 ரெமிங்டன் என்ற தோட்டா வகையில் 55 கிரெயின் (குண்டின் எடை அலகு) குண்டுக்கு 1:12கூடப் போதும். 77 கிரெயினுக்கு 1:8 அல்லது அதைவிட வேகமானது வேண்டும். பொருந்தாவிட்டால் தாளில் வட்டத் துளைக்குப் பதில் சாவித் துவாரம்போல நீண்ட துளை விழும். குண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது. கையோடு இன்னொன்று: 223 ரெமிங்டன் என்று பொறித்த குழலில் 5.56 நேட்டோ தோட்டாவைப் போடாதீர்கள். வெளித்தோற்றம் ஒன்றுதான், அறையின் உள்ளளவு வேறு, அழுத்தம் கூடும்.

டர்பனில் சீரோ செய்தது ஜோகன்னஸ்பர்க்கில் மாறுமா?

100 மீட்டரில் கவலைப்பட வேண்டாம். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு குறைவு. குண்டுக்குத் தடை குறைவதால் 300 மீட்டருக்கு அப்பால் டர்பன் அட்டவணையை வைத்துச் சுட்டால் மேலே விழும். அதேபோல் உயரத்தில் இருக்கும் ப்ளூம்ஃபான்டைனில் ஜெனரல் டி வெட் மைதானத்துக்குப் பிஸ்லி (நீண்ட தூர இலக்குச் சுடுதல்) போட்டிக்குப் போகிற கடற்கரை ஆட்கள் முதல் நாள் காலை இதற்காகவே சீக்கிரம் போய்விடுவார்கள்.

ட்ரிகரை நானே இலகுவாக்கலாமா?

வேண்டாம். அதில் ஒன்றோடொன்று கொக்கி மாட்டி நிற்கும் இரண்டு சிறு முகங்களில் எதையாவது தேய்த்துவிட்டால், கீழே வைத்த அதிர்ச்சியிலேயே வெடிக்கும் துப்பாக்கி கிடைக்கும். செமி-ஆட்டோவில் இன்னும் ஆபத்து: ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டு வெடித்தால் மேலே சொன்ன தடைசெய்யப்பட்ட வகைக்குள் போய்விடுவீர்கள். லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம் கொடுத்து, ரசீதை லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.

செமி-ஆட்டோ அடிக்கடி சிக்கிக்கொள்கிறது.

மேகசின்களில் எண் எழுதுங்கள். பெயிண்ட் மார்க்கரில் 1, 2, 3. சிக்கும்போதெல்லாம் எந்த எண் என்று குறித்துக்கொண்டால் இரண்டு போட்டிக்குள் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். மேல் உதடு வளைந்த ஒரு மேகசினுக்காக முழு ரைபிளையும் கழற்றியவர்கள் உண்டு. அது இல்லையென்றால் எண்ணெய் போதவில்லை, கரி சேர்ந்திருக்கிறது, அல்லது தோட்டா அந்த ரைபிளுக்கு வலுக்குறைவு. மூன்றையும் சோதித்த பிறகும் சிக்கினால் கன்ஸ்மித். வாயு ஓட்டத்தில் நீங்களே கைவைக்காதீர்கள்.

கடற்கரை வீட்டில் துருப்பிடிக்கிறதே?

பிளஃப், இசிபிங்கோ பக்கம் வீடு என்றால் பிடிக்கத்தான் செய்யும். நுரைமெத்தை வைத்த பயணப் பெட்டியில் ரைபிளை நிரந்தரமாக வைக்காதீர்கள். நுரை ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துவிடும். பெட்டகத்தில் ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டு, மாதத்துக்கு ஒருமுறை அடுப்பில் உலர்த்துங்கள். கை வியர்வை பட்ட இடத்தைத் துடைத்து மெல்லிய எண்ணெய்.

காதுக்கு?

ரைபிள் வெடிச் சத்தத்தின் உச்சம் 140 டெசிபலைத் தாண்டும். ஒரே ஒரு வெடிகூடக் காதைக் கெடுக்கலாம். உள்ளே அடைப்பான், மேலே காதுமூடி, இரண்டும் போடுங்கள். போட்டியைப் பார்க்க வந்த குழந்தைகளுக்கும்தான்.

எவ்வளவு தோட்டா வைத்திருக்கலாம்?

லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக்கு 200. முழுநேர ஈடுபாடு சான்றிதழ் உள்ளவருக்கு அந்த வரம்பு இல்லை. லைசென்ஸ் இல்லாத காலிபருக்கு ஒரே ஒரு தோட்டா பாக்கெட்டில் இருந்தாலும் குற்றம்; தாத்தாவின் பழைய கோட்டை ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள்.

வேட்டைக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். புரட்டாசி குறுக்கே வருமா?

பண்ணைகளில் வேட்டை மும்முரமாக இருப்பது மே முதல் ஆகஸ்ட் வரையான குளிர்காலம். புரட்டாசி செப்டம்பர் பாதியில்தான் பிறக்கிறது, அதனால் மோதல் குறைவு. பில்டாங்கை (உலர்த்திய இறைச்சியை) மட்டும் அதற்கு முன் தின்று தீர்க்க வேண்டும், இல்லையென்றால் ஃபிரீசரில் அது ஒரு மாதம் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்.

லைசென்ஸ் முடியப்போகிறது. எப்போது புதுப்பிக்க?

முடிவதற்கு 90 நாளைக்கு முன்பே விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். இந்த விதிகள் செல்லாது என்று வேட்டைக்காரர் சங்கம் போட்ட வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2018 ஜூனில் விதிகள் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. போன் காலண்டரில் ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். விண்ணப்பத்துக்கான ஒப்புகைச் சீட்டை நகலெடுத்து, ஒன்றைப் பெட்டகத்திலும் ஒன்றை ரைபிள் உறையிலும் வையுங்கள்.

மறுத்துவிட்டார்கள்.

காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போகலாம். மறுப்புக்கு அவர்கள் சொன்ன காரணம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள்; போட்டி முடிவுத் தாள்கள், சங்கத்தின் கடிதம், பெட்டகப் படம் எல்லாவற்றையும் இணையுங்கள்.